பகலில் நெருப்பு, இரவில் தண்ணீர்

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இரு பக்கமும் லாரிப் பட்டறைகள். பாடி கட்ட ஓர் இடம், ஸ்பிரிங் பட்டைக்கு ஓர் இடம், பம்ப்-நாசிலுக்கு ஒரு கடை, லேத் ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம். அங்கே எஞ்சின் வேலை மட்டும் செய்கிற ஒரு பட்டறையில் மூன்று நாள் உட்கார்ந்து நான் பார்த்த ஒரு நோய்க்கணிப்பைத்தான் இந்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.

வந்தது இருபது வயது தாண்டிய ஆறு சக்கர லாரி. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். கம்ப்யூட்டர் கிடையாது. டிரைவருக்கு முன்னால் ஹீட் காட்ட ஒரு முள், ஆயில் பிரஷர் காட்ட ஒரு முள், பிரேக் காற்றுக்கு ஒரு முள், அவ்வளவே. சங்ககிரியில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதை ஏறும்போது எஞ்சின் கொதித்துவிட்டது. பண்ணாரியிலிருந்து திம்பம் வரை கொண்டை ஊசி வளைவுகள் 27. பாதி வளைவில் நின்று, ஆறவிட்டு, மீண்டும் ஏறி, சரக்கை இறக்கிவிட்டு, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்திருந்தார் டிரைவர். வண்டியும் அவருடையதுதான்.

“ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்கண்ணா. ரேடியேட்டர்ல முட்டை முட்டையா வருது. ஹெட்ட எறக்கிருங்க.”

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. “எறக்கறதுக்கு அரை நாள் போதும் தம்பி. கேஸ்கட்டுதானான்னு தெரிஞ்சுக்க ஒரு ராத்திரி வேணும். ஆறட்டும், காலைல பாக்கலாம்.”

எதற்கு ஒரு ராத்திரி? சாயங்காலம் டீக்கடையில் அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலில் ஓர் இயற்பியல் பாடம் முழுக்க இருந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்தத் தகட்டைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினின் கீழ்ப்பாதி பிளாக். பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் அதில் இருக்கின்றன. மேலே மூடியாக உட்காருவது ஹெட். வால்வுகளும் டீசலைப் பீய்ச்சும் நாசில்களும் அதில். இரண்டுக்கும் நடுவே, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தடிமனில், எஞ்சின் நீளத்துக்கு ஒரு தகடு கிடக்கும். அதுதான் ஹெட் கேஸ்கட். அதில் ஆறு பெரிய வட்டங்கள் சிலிண்டர்களுக்கு. ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் நெருப்பைத் தாங்க ஓர் எஃகு வளையம். சுற்றிலும் சிறு துளைகள்: சிலவற்றில் தண்ணீர் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறும், ஒன்றிரண்டில் ஆயில் ஏறும், மற்றவற்றில் போல்ட்டுகள் இறங்கும். நெருப்பின் வட்டத்துக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே சில இடங்களில் ஒரு விரல் அகலம்கூட இருக்காது.

அந்த விரல் அகலத்தில் எவ்வளவு சுமை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் துளை 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினில் எரியும் நொடியில் உள்ளே அழுத்தம் 80 பார் அளவுக்கு எழும். நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் எண்பது மடங்கு. வட்டத்தின் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர் சொச்சம். பெருக்கினால் ஆறு டன்னுக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு தடவை டீசல் எரியும்போதும் ஒரு சிலிண்டர் ஹெட்டை ஆறு டன் விசையோடு மேலே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 1000 தடவை எரியும். மலை ஏறும் ஒரு மணி நேரத்தில் அறுபதாயிரம் தடவை.

இத்தனையையும் பிடித்து வைத்திருப்பது ஹெட் போல்ட்டுகள். போல்ட்டை முறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்ட எஃகு ஸ்பிரிங்போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசைதான் ஹெட்டையும் கேஸ்கட்டையும் பிளாக்கையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிறது. நம் கை கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் போல்ட் தலையின் அடியிலும் உராய்வாகவே போய்விடும். ஒரு பங்குதான் பிடிமானமாக மாறும். அதனால் மரையில் துரு இருந்தால் முறுக்கை அளக்கும் டார்க் ரிஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், பிடிமானமோ பாதிதான் இருக்கும். நல்ல மேஸ்திரிகள் மரையைப் பிரஷ் போட்டுத் துலக்குவதை நான் சடங்கு என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு பங்கைக் காப்பாற்றத்தான் அது.

இனி ராத்திரிக்கு வருவோம்.

எஞ்சினுக்குள் மூன்று ராஜ்ஜியங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: நெருப்பு, தண்ணீர், ஆயில். ஓடும்போது நெருப்பின் அழுத்தம் எண்பது பார், ஆயிலின் அழுத்தம் மூன்று நான்கு பார், தண்ணீரின் அழுத்தம் ஒரு பாருக்கும் குறைவு. எல்லையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் வலுத்தவன் இளைத்தவன் பக்கம் பாய்வான். ஆகவே வண்டி ஓடும்போது புகை தண்ணீருக்குள் போகும், ஆயிலும் தண்ணீருக்குள் போகும். இந்த மூவரில் தண்ணீர்தான் இளைத்தவன்.

எஞ்சினை நிறுத்தியதும் கதை மாறுகிறது. நெருப்பு அணைந்தது, அதன் அழுத்தம் பூஜ்யம். ஆயில் பம்ப் நின்றது, அதன் அழுத்தமும் பூஜ்யம். ஆனால் தண்ணீர் சூடாக இருக்கிறது, ரேடியேட்டர் மூடி அதை அடைத்து வைத்திருக்கிறது. முக்கால் பார் அழுத்தம் ஆறும் வரையில் அதற்குள்ளேயே இருக்கும். பகலெல்லாம் அடி வாங்கிய தண்ணீர் இப்போது மூவரில் வலுத்தவன். அதே ஓட்டை வழியே அது எதிர்த்திசையில் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் சொட்டும். விடிவதற்குள் பிஸ்டன் தலைமேல் சிறிது தண்ணீர் தேங்கியிருக்கும்.

மேஸ்திரி கேட்ட ராத்திரி இதற்காகத்தான். ஓடும் எஞ்சின் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியை அது தூங்கி எழுந்த பிறகு கேட்க வேண்டும்.

காலை ஆறரை மணி. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்கள். முன்னிரவில் கழுத்து வரை நிரப்பி வைத்த தண்ணீர் ஒரு செம்பு அளவுக்குக் குறைந்திருந்தது. கீழே தரையில் ஈரமில்லை. வாட்டர் பம்பின் அடியிலிருக்கும் கசிவுத் துளை காய்ந்திருந்தது. ஹோஸ்களின் கிளாம்ப் ஓரங்களில் உப்புப் பூக்கவில்லை. தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் உள்ளே போயிருக்கிறது.

முதலில் ஆயில். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. மேஸ்திரிக்கு அது போதவில்லை. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் கலக்காத தண்ணீர், ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் போய்ப் படுத்திருக்கும். அடியிலிருக்கும் டிரெயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, முதலில் வந்த நாலைந்து சொட்டை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். ஆயில்தான். தண்ணீர் இல்லை.

இந்தச் சொட்டுகள் சொல்வது அதிகம். பழைய லாரிகள் பலவற்றில் லைனர் என்னும் தனிக் குழாய் சிலிண்டராக இருக்கும். அதன் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஓடும். கீழே ரப்பர் வளையங்கள்தான் அந்தத் தண்ணீரை ஆயில் சம்ப்புக்குள் இறங்காமல் தடுக்கின்றன. வளையம் கெட்டால் சம்ப்பில் தண்ணீர் சேரும். ஆயிலைத் தண்ணீரால் குளிரவைக்கும் ஆயில் கூலர் என்று ஒன்று உண்டு. அது உள்ளே விரிசல் விட்டாலும் இரண்டும் கலக்கும். இரண்டிலும் ஆயில் மோர் நிறத்துக்குத் திரும்பும், பார்ப்பவர்கள் உடனே கேஸ்கட் என்பார்கள். கேஸ்கட்டுக்கு அதில் எந்தப் பங்கும் இருக்காது. மழைக்காலத்தில் ஊருக்குள்ளேயே சிறு நடை ஓடும் வண்டியின் ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல் ஒட்டியிருப்பதைக் காட்டி, ஹெட்டை இறக்கச் சொன்னவர்களும் உண்டு. எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் உள்ளே குளிர்ந்து படிந்த ஈரம் அது. ஒரு நீண்ட நடை ஓடினால் ஆவியாகிவிடும்.

அடுத்தது ஸ்டார்ட் செய்வது. டிரைவர் சாவியில் கை வைத்தார். மேஸ்திரி தடுத்தார். இரும்புக் கம்பி போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொன்னார்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. துளை 100, பிஸ்டன் ஓட்டம் 120 மில்லிமீட்டர் என்றால் ஒரு சிலிண்டர் இழுக்கும் காற்று 940 மில்லிலிட்டர் சொச்சம். டீசல் எஞ்சின் அதைப் பதினேழில் ஒரு பங்காக நசுக்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்த நிலையில் மிஞ்சும் இடம் அறுபது மில்லிலிட்டருக்கும் குறைவு. ஒரு டீ கிளாஸில் முக்கால் அளவுகூட இல்லை. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. ராத்திரியில் அறுபது மில்லிக்கு மேல் தண்ணீர் இறங்கியிருந்து, ஸ்டார்ட்டர் முழு வேகத்தில் பிஸ்டனை மேலே தள்ளினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். கையால் சுற்றினால் எங்கே தடுக்கிறது என்று கை சொல்லிவிடும். எஞ்சின் தடையின்றிச் சுற்றியது. ரேடியேட்டரில் குறைந்தது ஒரு செம்பு. சிலிண்டரில் தங்கியது சில சொட்டாக இருக்கலாம், மீதி திறந்திருந்த எக்ஸாஸ்ட் வால்வு வழியே சைலன்சர் பக்கம் போயிருக்கலாம்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார்கள். அந்த எஞ்சினில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பெல்ட் இல்லையென்றால் தண்ணீர் அசையாமல் நிற்கும், உள்ளிருந்து வரும் எதுவும் தெளிவாகத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட்டக் கூடாது. ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்தார்கள்.

முதல் பத்து வினாடி எஞ்சின் ஒரு காலில் நொண்டியது. சைலன்சரில் வெள்ளைப் புகை ஒரு குபீர். பிறகு சீரானது.

வெள்ளைப் புகையை வைத்து மட்டும் யாரும் முடிவுக்கு வரக் கூடாது. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. டீசலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. குளிர்ந்த விடியலில் எந்த ஆரோக்கியமான லாரியின் சைலன்சரும் ஆவி விடும், சொட்டவும் செய்யும். நாசில் சரியாகப் பீய்ச்சாவிட்டாலும் வெள்ளைப் புகை வரும். ஆனால் அது எரியாத டீசலின் புகை, கண்ணைக் கரிக்கும், நெடி அடிக்கும், காற்றில் தங்கும். நீராவி இரண்டடி தூரத்தில் காணாமல் போகும். கூலண்ட் ஊற்றிய வண்டியாக இருந்தால் இனிப்பு வாடை வரும், எத்திலீன் கிளைக்காலின் வாடை. அது விஷம், நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். இந்த வண்டியில் ஊற்றியிருந்தது வெறும் போர் தண்ணீர். வாடை எதுவும் இல்லை.

ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு விடாமல்.

“பாத்தீங்களா?” என்றார் டிரைவர்.

“பாத்தேன். காத்து வருது. எங்கிருந்து வருதுன்னு அது சொல்லலையே?”

மேஸ்திரியின் கண் ரேடியேட்டரை விட்டு டிரைவர் கேபினுக்குள் இருந்த காற்று முள்ளுக்குப் போனது. லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. அந்தக் காற்றை அடைக்கும் கம்ப்ரசர் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். பல லாரிகளில் அதைக் குளிரவைப்பதும் எஞ்சின் தண்ணீர்தான். கம்ப்ரசருக்கும் ஒரு சின்ன ஹெட் உண்டு, அதற்கும் ஒரு சின்ன கேஸ்கட் உண்டு. அது போனால் பிரேக் காற்று எஞ்சின் தண்ணீருக்குள் புகுந்து ரேடியேட்டரில் முட்டை விடும். வண்டியும் கொதிக்கும். காரில் பழகியவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. உள்ளங்கை அளவு கேஸ்கட்டுக்காக வேறெங்கோ இரண்டு தடவை எஞ்சின் ஹெட்டை இறக்கிப் பூட்டிய ஒரு லாரி கடைசியில் தன்னிடம் வந்ததை மேஸ்திரி சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்த வண்டிக்காரருக்கு ஆன செலவைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

பிரித்தறிய வழி இருக்கிறது. பிரேக் காற்று டாங்கி நிறைந்ததும் கம்ப்ரசர் காற்றடைப்பதை நிறுத்திக்கொள்ளும். குமிழி கம்ப்ரசருடையது என்றால் அந்த நொடியிலிருந்து அது அடங்க வேண்டும். முந்தின நாளின் காற்று டாங்கியில் மிச்சம் இருந்ததால் சீக்கிரமே முள் மேலே போய் நின்றது. குமிழிகள் அடங்கவில்லை. உறுதிக்காக எஞ்சினை நிறுத்தி, கம்ப்ரசருக்குப் போகும் தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று ஹோஸால் இணைத்து, மீண்டும் ஓட்டினார்கள். குமிழிகள் அப்படியே வந்தன. கம்ப்ரசர் நிரபராதி.

அடுத்து ஒரு வேதியியல். நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, மேலே இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி, தண்ணீருக்கு மேலிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். திரவத்தில் இருப்பது ப்ரோமோதைமால் ப்ளூ என்னும் நிறங்காட்டி. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் மெல்லிய அமிலம் ஆகும்; அமிலத்தில் இந்த நீலம் பச்சையாகி மஞ்சளாகும். எரிந்த புகையில் கார்பன் டை ஆக்சைடு உண்டு. கம்ப்ரசர் அடைக்கும் வெறும் காற்றில் அது நிறம் மாற்றும் அளவுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதிப் பால்போல் ஆக்கியது நினைவிருக்கிறதா? அதே வாயுவைத்தான் இங்கேயும் தேடுகிறோம்.

டீசல் எஞ்சினில் இந்தச் சோதனை ஏமாற்றவும் செய்யும். பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் டை ஆக்சைடு நூற்றுக்குப் பதிமூன்று பதினான்கு பங்கு. டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது தேவைக்கு மிக அதிகமான காற்றை இழுக்கிறது. அதன் புகையில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கும். சிறிய ஓட்டையாக இருந்தால் நீலம் நீலமாகவே நின்றுவிடும். அப்போது ‘கேஸ்கட் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது பெரிய தவறு. எஞ்சினுக்குச் சுமை கொடுத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். பெல்ட்டைத் திரும்ப மாட்டி, வண்டியை ஒரு சுற்று விரட்டிவிட்டு வந்து, மூடியைத் திறக்கும் அளவுக்கு ஆறவிட்டுச் சோதித்தபோது திரவம் தெளிவான பச்சைக்கு மாறியது.

நெருப்பின் ராஜ்ஜியத்திலிருந்து தண்ணீருக்கு வழி விழுந்திருக்கிறது. எந்தச் சிலிண்டரில்?

பழைய எஞ்சினின் பெருமை இங்கே தெரியும். ஒவ்வொரு நாசிலுக்கும் பம்பிலிருந்து தனி இரும்புக் குழாய். எஞ்சின் மெல்ல ஓடும்போது ஒரு குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் டீசல் போகாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கும்போது எஞ்சின் நொண்டியது, குமிழிகள் மாறவில்லை. ஐந்தாவதைத் தளர்த்தியதும் குமிழிகள் பாதிக்கு மேல் குறைந்தன. முழுக்க நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. எரியாவிட்டாலும் பிஸ்டன் காற்றை முப்பது பார் அளவுக்கு நசுக்கத்தானே செய்கிறது. இதைச் செய்யும்போது கண்ணாடி போட வேண்டும், கையை நட்டுக்கு நேராக வைக்கக் கூடாது. உயர் அழுத்தத்தில் தெறிக்கும் டீசல் ஊசிபோலத் தோலுக்குள் இறங்கும். வலி குறைவாகத்தான் இருக்கும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரும். இப்போது வரும் காமன் ரெயில் வண்டிகளில் இந்த வேலையை நினைத்தும் பார்க்கக் கூடாது. அவற்றில் அழுத்தம் பல மடங்கு.

ஹெட்டை இறக்க மேஸ்திரி சம்மதித்தது இதற்குப் பிறகுதான். மத்தியானம் ஆகியிருந்தது.

எஞ்சின் ஆறிக்கொண்டிருக்கும்போது டிரைவர் மலையில் நடந்ததைச் சொன்னார். ஒரு விஷயம் என்னை உலுக்கியது. “முள்ளு செவப்புக்குப் போச்சுங்க. அப்புறம் தானா எறங்குச்சு. செரியாயிருச்சுன்னு இன்னும் ரெண்டு வளைவு ஏறிட்டேன்.”

முள் இறங்கியதுதான் அந்த ஏற்றத்தில் மிக ஆபத்தான கணம். ஹீட் காட்டும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். ஐந்தாவது சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் ஏறி, ஹெட்டின் உச்சியில் வாயுப் பையாகச் சேர்ந்திருக்கிறது. அங்கே தண்ணீர் இல்லை, சென்சார் வாயுவில் தொங்குகிறது. வாயு தண்ணீரைப்போல் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்காது, முள் இறங்குகிறது. அதே நேரத்தில் தண்ணீர் தொடாத இரும்பு மேலும் மேலும் சூடாகிறது. சூடான இரும்பு விரியும். 600 மில்லிமீட்டர் நீள இரும்பு 80 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் நீளும். எல்லா இடமும் ஒரே அளவில் நீண்டால் தொந்தரவில்லை. ஓர் இடம் மட்டும் அதிகம் சூடானால் ஹெட் கோணும், பிடிமானம் தளரும், புகை இன்னும் அதிகம் புகும். நோய் தன் காரணத்தையே ஊட்டி வளர்க்கிறது.

அந்த வளைவில் நின்று ரேடியேட்டர் மூடியைத் திறந்திருந்தால்? முக்கால் பார் அழுத்தத்தில் தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், கொதிநிலை நூறுக்கு இறங்கும். மலை உயரத்தில் நூறுக்கும் கீழே. மிச்சமிருக்கும் அந்தப் பதினைந்து டிகிரி வெப்பம் தண்ணீரில் நூற்றுக்கு மூன்று பங்கை நொடியில் ஆவியாக்கும். கேட்கக் குறைவுதான். இருபது லிட்டரில் மூன்று பங்கு என்பது அரை லிட்டருக்கு மேல். அது ஆவியானால் தொள்ளாயிரம் லிட்டர் நீராவி. அத்தனையும் ரேடியேட்டர் வாய் வழியே, கொதிநீரையும் தூக்கிக்கொண்டு, திறந்தவர் முகத்துக்கு வரும். டிரைவர் திறக்கவில்லை. ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அதைக் கேட்டு மேஸ்திரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. கழற்றும்போது நேர் எதிர். ஹெட் மேலே வந்தது. கேஸ்கட்டைப் பார்க்கும் முன்பே விடை தெரிந்தது. ஐந்து பிஸ்டன்களின் தலையில் கரி. ஐந்தாவது பிஸ்டன் மட்டும் புளி போட்டுத் துலக்கிய பாத்திரம்போல் இருந்தது. தினமும் இறங்கிய தண்ணீர் ஆவியாகி அதைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. கேஸ்கட்டில் ஐந்தாவது வட்டத்தின் எஃகு வளையம் ஓர் இடத்தில் அரித்து மெலிந்து, அங்கிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளை வரை ஒரு கரிக்கோடு.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய காலத்துக் கேஸ்கட்டுகளில் செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரும். நனைத்துச் சுரண்ட வேண்டும். ஏர் பைப்பைப் பிடித்து ஊதவே கூடாது. பட்டறைகளில் பையன்கள் ஊதுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

“புது கேஸ்கட் போட்டு மூடிருங்கண்ணா, நாளைக்கு லோடு இருக்கு.”

“போன தடவை எப்ப போட்டீங்க?”

“எட்டு மாசம் ஆச்சுங்க.”

எட்டு மாதத்தில் கேஸ்கட் போகிறது என்றால் குற்றவாளி கேஸ்கட் அல்ல. மேஸ்திரி ஹெட்டைத் திருப்பிப் போட்டு, நேர்விளிம்புச் சட்டத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் இலையைச் செருகிப் பார்த்தார். நூறில் ஐந்து மில்லிமீட்டர் இலை எங்கும் நுழையவில்லை. அத்தனை சூட்டுக்குப் பிறகும் ஹெட் கோணாமல் இருந்தது அதிர்ஷ்டம். பிறகு டயல் கேஜை எடுத்து லைனர்களின் மேல் விளிம்பை அளந்தார்.

இந்த வகை எஞ்சினில் லைனரின் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிடத் துளி மேலே நிற்க வேண்டும். தலைமுடியின் தடிமன் அளவுதான், ஆனால் அதில்தான் எல்லாம். ஹெட்டை இறுக்கும்போது அந்தத் துருத்தல் கேஸ்கட்டின் எஃகு வளையத்துக்குள் பதிந்து நெருப்பை அடைக்கும். ஐந்து லைனர்கள் நூறில் ஏழெட்டு மில்லிமீட்டர் துருத்தி நின்றன. ஐந்தாவது லைனரில் முள் அசையவே இல்லை. பிளாக்கோடு சமமாக இறங்கியிருந்தது. அதன்மேல் எத்தனை புதுக் கேஸ்கட் போட்டாலும் அந்த இடத்தில் பிடிமானம் இருக்காது. ஒவ்வொரு எரிப்பிலும் வளையம் துளித் துளியாக அசைந்து, தேய்ந்து, ஒரு நாள் விட்டுவிடும்.

லைனரை இழுத்து வெளியே எடுத்தார்கள். அது உட்காரும் படி அரித்து இறங்கியிருந்தது. லைனரின் வெளிச்சுவரில் வெள்ளையாக உப்பு. போர் தண்ணீர் இருபது வருடம் விட்டுச்சென்றது. அந்த உப்புப் படிவு இரும்பின் இருபதில் ஒரு பங்குகூட வெப்பம் கடத்தாது. ஒரு மில்லிமீட்டர் படிந்தால், லைனருக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் இரும்புச் சுவர் கூடுதலாகக் கட்டியதற்குச் சமம். ஒரு பக்கத்தில் குண்டூசி குத்தியதுபோல் குழிகள் வரிசையாக இருந்தன. பிஸ்டன் மோதும் ஒவ்வொரு தடவையும் லைனர் மணிபோல் அதிரும். அது விலகும் கணத்தில் ஒட்டியிருக்கும் தண்ணீரில் அழுத்தம் விழுந்து நுண்குமிழிகள் பிறக்கும், திரும்பி வரும் கணத்தில் அவை உடையும். உடையும் குமிழி இரும்பைக் கொத்தும். வருடக்கணக்கில் கொத்தினால் லைனர் துளைபட்டு, கேஸ்கட் போனதுபோலவே குறி காட்டும். டீசல் எஞ்சினுக்கான கூலண்டில் சேர்க்கும் மருந்துகள் லைனரின்மேல் மெல்லிய காப்புப் படலம் போடுவது இதைத் தடுக்கத்தான். கூலண்ட் மலைநாட்டுக் குளிருக்கு மட்டும்தான் என்ற எண்ணம் நம் ஊரில் எத்தனை எஞ்சின்களைத் தின்றிருக்கிறது!

இந்தத் தொல்லை எல்லாம் வேண்டாம், கேஸ்கட்டே இல்லாமல் எஞ்சின் செய்தால் என்ன என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் 500 வரிசை என்ற டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு, நடுவே இணைப்பே கிடையாது. 1970களில் லேலண்ட் நேஷனல் பேருந்துகளில் அது ஓடியது. போகக் கேஸ்கட் இல்லைதான். ஆனால் ஹெட் கழலாத எஞ்சினில் ஒரு வால்வைத் தொட வேண்டுமென்றால் கீழிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டும். பராமரிப்பவர்களிடம் அது நல்ல பெயர் வாங்கவில்லை. பிரித்துப் பூட்டக்கூடிய எஞ்சின் வேண்டுமென்றால் இணைப்பு வேண்டும். இணைப்பு இருந்தால் அதைக் காக்க ஒரு தகடு வேண்டும்.

ஐந்தாவது லைனர் உட்காரும் படியைச் சமப்படுத்தினார்கள். அடியில் போட வேண்டிய ஷிம் என்னும் மெல்லிய வளையத்தின் தடிமனை மேஸ்திரி மூன்று தடவை அளந்தார். புது லைனர், புது ரப்பர் வளையங்கள். டயல் கேஜ் முள் இப்போது மற்ற ஐந்தோடு சேர்ந்து நின்றது. போல்ட்டுகளின் மரை துலக்கி, பிளாக்கின் போல்ட் குழிகளில் தேங்கியிருந்த ஆயிலையும் தண்ணீரையும் துணியால் உறிஞ்சி எடுத்தார். குழியில் திரவம் இருந்தால் போல்ட் இறங்கும்போது அது நசுங்காமல் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக முறுக்கினார். ரேடியேட்டருக்குப் புது மூடி. பழையதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. கூலண்ட் வாங்க டிரைவரே கிளீனரை அனுப்பினார்.

வண்டியைச் சூடேற்றி, ஒரு நடை ஓட்டி, ராத்திரி நிறுத்தினார்கள். மேஸ்திரி இரண்டாவது ராத்திரியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். லோடு ஒரு நாள் தள்ளிப்போனது.

மூன்றாம் நாள் காலை, ரேடியேட்டரில் வைத்த மட்டம் வைத்த இடத்தில் இருந்தது. பெல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்தார்கள். ஆறு சிலிண்டரும் முதல் சுற்றிலேயே சேர்ந்து பிடித்தன. டிரைவர் டார்ச்சை ரேடியேட்டர் வாயில் பிடித்தபடி குனிந்து நின்றார். கூலண்ட் கலந்த பச்சைத் தண்ணீர் எஞ்சினின் அதிர்வில் மெல்ல நடுங்கியது. குமிழி வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று.

“போதும், ஆஃப் பண்ணுங்க தம்பி. பெல்ட்ட மாட்டிரலாம்” என்றார் மேஸ்திரி.